பேரேட்டிலிருந்து அகராதிக்கு

நகரத்தாருக்குரிய ஒன்பது நகரக் கோயில்களை வரிசைப்படுத்தும்போது முதலில் வைத்து எண்ணப்படுவது இளையாத்தங்குடி. கயிலாசநாதரும் நித்தியகல்யாணியும் எழுந்தருளியுள்ள இவ்வூர்க் கோயிலைச் சேர்ந்தோர் ஏழு பிரிவினராகப் பெருகி, சுற்றுப்புற ஊர்கள் பலவற்றிலும் பரவி வாழ்கின்றனர். காஞ்சி காமகோடி பீடத்தின் 65-ஆம் ஆசாரியர் 1890-இல் சித்தியடைந்ததும் இவ்வூரிலேயாம். அவர்தம் அதிட்டானம் இன்றும் இங்கே வழிபடப்படுகிறது. 1962-இல் ஆகமமும் சிற்பமும் அறிந்த பெருமக்கள் கூடிய சதஸ் ஒன்றும் இவ்வூரில் நடைபெற்றது. வடமொழிக் கல்விக்கும் தென்மொழிக் கல்விக்கும் இடமாக விளங்கிய ஊர் இஃது என்பதில் ஐயமில்லை.

எனினும் தலபுராணத்திலும் கல்வெட்டிலும் இடம்பெறாத கல்வி ஒன்றும் இவ்வட்டாரத்தில் நடந்தது. வீட்டின் வளவில் விளக்கடியில் அமர்ந்து, தடித்த ஆங்கில அகராதி ஒன்றைப் புரட்டிப் பள்ளி இறுதித் தேர்வுக்கு ஆயத்தமான இளைஞர்களின் கல்வி அது. ஆங்கிலம் பேசுவோர் ஒருவரும் இல்லாத சிற்றூரில் அம்மொழிக்கு இரவு ஆசிரியராக இருந்தது அகராதி ஒன்றே. அந்நூல் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்த வரலாறு, செட்டிநாட்டின் வாழ்வு மாறிய வரலாற்றோடு பிணைந்ததாகும்.

தமிழ்க் கணக்கின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இவ்வட்டாரச் சிறுவனுக்கு வாழ்வளித்த நூல் எண்சுவடி. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி முடித்து, மேல்வாயிலக்கமும் கீழ்வாயிலக்கமும் மனப்பாடமாக ஒப்பித்தவன் வட்டிக் கணக்கிற்கு ஆயத்தமானவனாகக் கருதப்பட்டான். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. காணி 80-இல் ஒரு பங்கு. மா 20-இல் ஒரு பங்கு. இச்சிறு பங்குகளை நொடியில் கூட்டிக் கழிக்கும் ஆற்றலே அக்காலத்துப் பட்டம்.

அவ்வாற்றல் பெற்ற சிறுவன் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறினான். 'கொண்டுவிற்கப் போதல்' என்பது இவ்வட்டார வழக்கு. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் இருந்த கடைகளில் பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாகவும் மேலாளாகவும் உயர்வது முறை. குறிப்பு, பேரேடு, ஐந்தொகை ஆகிய கணக்குகள் அனைத்தும் தமிழிலேயே எழுதப்பெற்றன. 1929–30-இல் ஆய்ந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் செட்டியார்கள் ஈடுபடுத்தியிருந்த முதலை ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. அத்துணைப் பெருஞ்செல்வமும் தமிழ் எழுத்திலும் தமிழ்க் கணக்கிலும் காக்கப்பட்டது என்பது நினைந்து பெருமிதம் கொள்ளத்தக்கது.

ஆங்கிலம் அக்காலத்தில் முற்றிலும் வேண்டாததாக இருந்தது என்று கூறுவதற்கில்லை. இரங்கூன் நீதிமன்றத்து வழக்கும், வெள்ளையர் வங்கியின் காசோலையும், தந்தியும் ஆங்கிலத்திலேயே வந்தன. ஆனால் அவற்றைக் கவனிக்க எழுத்தரும் வழக்கறிஞரும் கூலிக்குக் கிடைத்தனர். கூலிக்குக் கிடைக்கும் ஒன்றைத் தாமே கற்க வேண்டும் என்னும் எண்ணம் பெரும்பாலோர்க்கு எழவில்லை.

நிகண்டும் அகராதியும்

சொற்களைத் தொகுத்துக் கற்கும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் மாணவர் மனப்பாடம் செய்த நிகண்டுகள். ஒரு பொருளுக்குரிய பல பெயர்களையும், ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களையும் செய்யுளில் கோத்து வைத்தவை அவை. செய்யுளாக இருந்தமையால் ஏடு இல்லாத இடத்திலும் நூல் மாணவனோடு சென்றது. சொல்லை எழுத்து வரிசையில் அடுக்கும் முறையை 1594-இல் சிதம்பரம் இரேவண சித்தர் தம் அகராதி நிகண்டில் கையாண்டார். 'அகராதி' என்னும் பெயரும் அதனால் நிலைபெற்றது. 1732-இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளால் அப்பெயர் பெற்றது. செய்யுளை விடுத்துச் சொல்லையும் பொருளையும் நேரே நிறுத்திய சிறப்பும் அதற்கு உண்டு.

இருமொழி அகராதிகளோ வேறு தேவையிலிருந்து பிறந்தவை. தமிழ் கற்க வந்த ஐரோப்பியப் பாதிரிமார்களுக்கு அவை வேண்டியிருந்தன. 1679-இல் அம்பலக்காட்டில் அச்சேறிய புரோயன்சா பாதிரியாரின் தமிழ்–போர்ச்சுக்கீசிய அகராதி இவ்வகையில் முன்னோடி. 1779-இல் பெப்ரீசியுசும் பிரைதோப்டும் வேப்பேரியில் வெளியிட்ட தமிழ்–ஆங்கில அகராதி அடுத்த பெரும்படி. அவர்களே 1786-இல் ஆங்கிலம்–தமிழ்ப் பகுதியையும் வெளியிட்டனர். தமிழை 'மலபார்' என்று அவர்கள் குறித்தமை அக்கால வழக்கு. 1862-இல் சென்னையில் வெளிவந்த வின்சுலோவின் தமிழ்–ஆங்கிலப் பேரகராதி 67,000-க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. யாழ்ப்பாணத்தில் பாதிரிமாரும் தமிழ்ப் புலவரும் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த சொற்செல்வம் அதற்கு அடிப்படையாயிற்று.

இவற்றுள் தமிழ்–ஆங்கில அகராதிகள் வெள்ளையன் தமிழுக்குள் நுழைய அமைந்த வாயில்கள். அதே வாயில் வழியாகத் தமிழ் மாணவன் எதிர்த்திசையில் நடக்கத் தொடங்கியபோதுதான் அகராதியின் முகம் திரும்பியது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிப் பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய பெர்சிவல் பாதிரியார் 1860-களில் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ் அகராதி, கல்லூரி மாணவர்க்கும் பள்ளி மாணவர்க்கும் என்றே அமைக்கப்பெற்றது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றி, அதன் நுழைவுத் தேர்வும் பட்டத் தேர்வும் ஆங்கிலத்தில் நடந்தமையே இத்திருப்பத்திற்குக் காரணம். அப்பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்தவர். அகராதிப் பணி செழித்த மண்ணில் கற்றவர்கள். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்து அழிவினின்று காத்த பெருமகனாரே ஆங்கிலத் தேர்வில் முதல் வெற்றி கண்டவர் என்பது இவ்வரலாற்றில் மறக்கலாகாத செய்தி.

முதல் மாறியது

செட்டிநாட்டுக்கு இத்திருப்பம் காலந்தாழ்த்தியே வந்தது. வந்தபோது பெருந்துன்பத்தின் வடிவில் வந்தது. 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை சரிந்தது. கடன் வாங்கிய பர்மிய உழவர் பணம் கட்ட இயலாமல் நிலத்தைக் கொடுத்தனர். பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம் 1937-இல் 25 பங்காயிற்று. பணமாக இருந்த முதல், விற்கவும் இயலாத வயலாக மாறியது. அதே 1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1942-இல் சப்பானியர் படையெடுப்பின்போது ஆயிரக்கணக்கான தமிழர் காடும் மலையும் கடந்து கால்நடையாகத் திரும்பினர். 1948-இல் நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது. 1962-க்குப் பின்னர் இராணுவ ஆட்சி எஞ்சிய கடைகளையும் எடுத்துக்கொண்டது.

பெட்டியடிப் பையனாகப் போவதற்கு இனிக் கடையில்லை என்னும் நிலையில், இவ்வட்டாரக் குடும்பங்கள் பையனின் படிப்பையே முதலாகக் கருதத் தொடங்கின. படிப்பின் வாயிலில் நின்றது தேர்வு. தேர்வின் வாயிலில் நின்றது ஆங்கிலம். சென்னை மாகாணத்தில் 1911 முதல் பள்ளி இறுதிச் சான்றிதழ்த் தேர்வு வழக்கத்திற்கு வந்திருந்தது. அதன் ஆங்கில எழுத்துச் சுருக்கத்தால் அதனை எஸ்.எஸ்.எல்.சி. என்றே மக்கள் அழைத்தனர். 1930-களின் இறுதியில் உயர்நிலைப் பள்ளிகளில் பிற பாடங்கள் தமிழில் கற்பிக்கப்பெறலாயின. ஆனால் ஆங்கிலம் தனிப்பாடமாகத் தொடர்ந்தது. 1968-இல் இருமொழிக் கொள்கை ஏற்கப்பட்டபின் தமிழும் ஆங்கிலமும் என்பது உறுதியாயிற்று. 1978-இல் பதினோராண்டுப் பள்ளிக்கல்வி பத்தும் இரண்டுமாகப் பிரிக்கப்பட்டபோதும் ஆங்கிலத் தாளின் இடம் மாறவில்லை.

இம்மாற்றத்திற்கு வழிகாட்டியாக நின்ற ஒருவரை இங்குக் குறிப்பிடல் தகும். கோட்டையூரில் 1909-இல் பிறந்த வள்ளல் அழகப்பர் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, இங்கிலாந்து சென்று பாரிஸ்டராகத் திரும்பியவர். தொழிலில் ஈட்டிய பெருஞ்செல்வத்தைக் கல்விக்கு அளித்து, 1947-இல் காரைக்குடியில் கல்லூரி நிறுவினார். அதன்பின், இளையாத்தங்குடிச் சிறுவனுக்குக் கல்லூரி என்பது கடல் கடந்த கனவாக இல்லாமல், பேருந்தில் சென்று சேரும் இடமாயிற்று. இடையில் இருந்த தடை பள்ளி இறுதித் தேர்வு ஒன்றுதான்.

ஊர்தோறும் இத்தடை ஒரே உயரத்தில் இருக்கவில்லை என்பதையும் கருத வேண்டும். வணிகக் குடும்பத்து மாணவன் காரைக்குடியிலோ மதுரையிலோ அகராதி வாங்கிக்கொள்ள முடிந்தது. உழவர், கொத்தர், கொல்லர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்நூலின் விலை பெருஞ்சுமை. அகராதி வைத்திருந்த வீட்டிற்கு மாலையில் நோட்டுப் புத்தகத்தோடு சென்று, தெரியாத சொற்களுக்குப் பொருள் எழுதிக்கொண்டு திரும்புவதே அவர்களுக்குக் கிடைத்த வழி. 1948-இல், விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாக இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம் ஊர்களுக்கு நூலகங்களைத் தந்தபின் இந்நிலை ஓரளவு மாறியது. நூலகத்து அகராதியும் வீட்டிற்குத் தரப்படாத குறிப்புதவி நூலாகவே இருந்தது. ஆயினும் அங்கே கேட்டு நிற்கத் தேவையில்லை. பெண்கள் உயர்நிலைப் பள்ளிகளுக்கு மிகுதியாக வரத் தொடங்கிய காலத்தில் தமையனின் அகராதியே தங்கைக்கும் பயன்பட்டது.

சொல்லைத் தேடும் பயிற்சி

அகராதியைக் கையில் எடுத்த தமிழ் மாணவனுக்கு முதல் இடர் எழுத்து வரிசையே. தமிழில் உயிர் முன்னும் மெய் பின்னும் ஒழுங்காக நிற்கும், எழுதியவாறு ஒலிக்கும். ஆங்கிலத்தில் ஒலி ஒன்று, எழுத்து ஒன்று. ஆசிரியர் 'நைஃப்' என்று சொல்லக் கேட்டவன் 'என்' எழுத்தில் தேடுவான். அச்சொல் 'கே' எழுத்தில் ஒளிந்திருக்கும். 'ஆனர்' என்பது 'ஹெச்' எழுத்திலும், 'சைக்காலஜி' என்பது 'பி' எழுத்திலும் இருக்கும். ககர ஒலியைக் கேட்டால் 'சி', 'கே', 'க்யூ' என மூன்று இடங்களில் தேட வேண்டும். பாடத்தில் 'வென்ட்' என்று கண்டால் 'கோ' என்னும் வேர்ச்சொல்லுக்குப் போக வேண்டும். 'பாட்' என்பதற்கு 'பை' என்பதைப் பார்க்க வேண்டும். இவ்வாறு ஒரு சொல்லைத் தேடும் முயற்சியில் பத்துச் சொற்கள் கண்ணில் படும். சொல்லெழுத்தும் இலக்கண வகையும் வேர்ச்சொல்லும் தேடும்போதே மனத்தில் பதியும். அகராதி கற்பித்தது பொருளை மட்டும் எனக் கருதுவோர் இப்பயனை மறந்தவராவர்.

இரண்டாம் இடர் பொருளின் பெருக்கம். தேர்வுக்கு விரைபவன் முதலில் கண்ட தமிழ்ச்சொல்லை எழுதிக்கொண்டு மூடிவிடுவான். செட்டிநாட்டுப் பிள்ளைக்கு இவ்விடரை விளக்க வீட்டுக் கணக்கே போதுமானது. 'இன்டரஸ்ட்' என்பது அவன் பிறந்தது முதல் அறிந்த வட்டி. பாடப் புத்தகத்திலோ ஆர்வம் என்னும் பொருளில் வரும். 'பேலன்ஸ்' கடையில் இருப்பு, அறிவியலில் தராசு, வாழ்வில் சமநிலை. 'கிரெடிட்' பேரேட்டில் வரவு, பிறிதோரிடத்தில் நற்பெயர். 'பேங்க்' பணத்திற்கு வங்கி, ஆற்றிற்குக் கரை. 'பிரின்சிபல்' வட்டிக் கணக்கில் முதல், கல்லூரியில் முதல்வர், அதனோடு ஒலியால் ஒத்து, ஈற்றெழுத்துகளால் வேறுபடும் மற்றொரு சொல்லோ கொள்கையைக் குறிக்கும். இவ்விரண்டையும் மயங்கி எழுதி மதிப்பெண் இழந்தோர் எத்தனையோ பேர்.

'கேபிடல்' என்னும் சொல் இன்னும் நுட்பமானது. கடையின் முதலும், நாட்டின் தலைநகரும், சொல்லின் முதலில் வரும் பெரிய எழுத்தும் அச்சொல்லாலேயே குறிக்கப்படும். தலை என்னும் பொருள்தரும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது அது. தமிழிலும் 'முதல்' என்பது தொடக்கத்தையும் வணிக மூலப்பொருளையும் ஒருங்கே குறிக்கின்றதன்றோ? இதனை அகராதியில் கண்டுணர்ந்த மாணவன் ஆங்கிலச் சொல்லின் அமைப்போடு தன் தாய்மொழிச் சொல்லின் அமைப்பையும் அறிந்தவனாகிறான். நிகண்டு கற்றோர் 'ஒரு சொல் பல்பொருள்' எனப் பாகுபடுத்தியதும் இத்தன்மையையே.

தேர்வுக் கூடத்திற்குள் அகராதி நுழைய முடியாது என்பதே மூன்றாம் இடர். வாயில் வரையில் துணைவந்த நூல் அங்கே நின்றுவிடும். உள்ளே செல்வது நினைவு மட்டும். ஆகவே கண்ட சொற்களைத் தனிச் சுவடியில் எழுதி மனப்பாடம் செய்யும் பழக்கம் பரவியது. ஒரு பக்கத்தில் ஆங்கிலச் சொல், எதிர்ப்பக்கத்தில் தமிழ்ப் பொருள் என்னும் அச்சுவடிகளின் அமைப்பு, பற்றும் வரவும் எதிரெதிரே நிற்கும் கணக்குப் புத்தகத்தை ஒத்தது. சொற்றொடரோடு சேர்த்து எழுதிக்கொண்டவனுக்கு அச்சொல் நின்றது. தனிச்சொல்லாக எழுதியவனுக்குத் தேர்வு முடிந்த மறுநாளே மறந்தது. வாக்கியத்தில் வைத்துப் பயன்படுத்தாத சொல், பெட்டியில் பூட்டிய பணம்போல வட்டி ஈட்டாது.

பழைய அகராதி, புதிய தமிழ்

மாணவர்க்கென விலை குறைந்த அகராதிகள் வந்தபின் நிலைமை எளிதாயிற்று. 1929-இல் தொடங்கப்பெற்ற லிட்டில் ஃபிளவர் கம்பெனி வெளியிட்ட லிப்கோ அகராதி, ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலும் தமிழிலும் பொருள்தந்து, தமிழ்நாட்டு வீடுகளில் அகராதி என்னும் சொல்லுக்கே மறுபெயராயிற்று. சென்னைப் பல்கலைக்கழகம் அ. சிதம்பரநாதன் செட்டியாரை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1960-களில் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் ஆசிரியர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் பெருந்துணையாயிற்று. ஒரு மொழிக்குள்ளேயே பணிபுரிந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939-இல் நிறைவுற்ற பின்னிணைப்பாகவும் வெளிவந்திருந்தது. 1,17,000-க்கும் மேற்பட்ட சொற்களைத் தாங்கிய அப்பெருநூல், தமிழ்ச் சொல்லுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் கூறுவது.

ஆனால் அகராதிகள் அச்சான காலத்திற்கும் மாணவன் படித்த காலத்திற்கும் இடையே தமிழே மாறிக்கொண்டிருந்தது. தந்தை வாங்கி வைத்த அகராதியில் 'யூனிவர்சிட்டி' என்பதற்குச் சர்வகலாசாலை என்றிருக்கும். மகனின் பாடநூலில் பல்கலைக்கழகம் என்றிருக்கும். 'பிரசிடென்ட்' அக்கிராசனராக இருந்து தலைவரானார். 'செக்ரட்டரி' காரியதரிசியாக இருந்து செயலாளரானார். 'மினிஸ்டர்' மந்திரியாக இருந்து அமைச்சரானார். பௌதிகம் இயற்பியலாயிற்று, இரசாயனம் வேதியியலாயிற்று. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு வீட்டு அகராதி ஒரு தமிழும் பள்ளி ஒரு தமிழும் கூற, இடையில் நின்ற மாணவன் மயங்கியதில் வியப்பில்லை.

அம்மயக்கத்தின் பின்னால் பெரியதோர் உழைப்பு இருந்தது. 1916-இல் சேலத்தில் இராசாசியும் வெங்கடசுப்பையரும் தொடங்கிய தமிழ்ச் சாத்திர பரிபாஷைச் சங்கமும், 1930-களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் மேற்கொண்ட கலைச்சொல்லாக்கப் பணியும் அறிவியலைத் தமிழில் கற்பிக்கும் வேட்கையால் எழுந்தவை. ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லையும் முன்வைத்து, இதற்குத் தமிழில் என்ன என்று வினவிய அவ்வறிஞர்களின் விடைகளே பின்னாளில் அகராதிப் பக்கங்களில் அமர்ந்தன. இற்றைத் தமிழின் உரைநடைச் சொற்களில் கணிசமானவை ஆங்கிலம்–தமிழ் அகராதியின் வலப்பக்கத்தில் பிறந்து வளர்ந்தவை எனலாம். தேர்வுக்காக ஆங்கிலம் தேடிய மாணவன், தன்னையறியாமலே புதிய தமிழையும் கற்றான்.

வங்கத்துப் பள்ளியிலிருந்து வந்த ஒளி

இந்திய மாணவனின் இடர் உலக அகராதிக் கலைக்கே ஒரு புதுவழி காட்டியது என்பது பலரும் அறியாத செய்தி. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருந்த மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர், வங்கச் சிறுவர்கள் ஆங்கில நூல்களைப் படிக்கத் தடுமாறுவதைக் கண்டார். ஆங்கிலேயர்க்கென எழுதிய அகராதி, தெரியாத ஒரு சொல்லைத் தெரியாத வேறு பல சொற்களால் விளக்குவதே தடுமாற்றத்தின் காரணம் என உணர்ந்தார். 1935-இல் எண்டிகாட் என்பாருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட அகராதி, ஏறத்தாழ 24,000 சொற்களையும் தொடர்களையும் 1,490 எளிய சொற்களை மட்டுமே கொண்டு விளக்கியது. பிறமொழியாளர்க்கென்றே அமைந்த ஆங்கில அகராதிகளுள் அது முதன்மையானது. சப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஆர்ன்பியும் அவர்தம் நண்பரும் தொகுத்த அகராதி 1942-இல் அங்கே வெளிவந்து, 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக உலகெங்கும் பரவியது. இவ்விரண்டும் ஆசிய மாணவரின் வகுப்பறையில் கருக்கொண்டவை.

வெஸ்ட் கண்ட உண்மை தேர்வுக்குப் படிப்போர்க்கும் பொருந்தும். அடிப்படைச் சொற்கள் ஈராயிரத்தைப் பழுதறக் கற்றவன் பிற சொற்களின் விளக்கத்தைத் தானே படித்தறியலாம். அரிய சொற்களை அடுக்கி மனப்பாடம் செய்து, எளிய சொற்களில் தடுமாறுவோன் இரண்டையும் இழக்கிறான்.

கடையிலிருந்து கல்விக்கு வந்த ஒருவர்

பேரேட்டிலிருந்து நூலுக்கு வந்த இவ்வட்டார வாழ்வை ஒருவரிடத்தில் காண விரும்பினால் மூதறிஞர் வ. சுப. மாணிக்கனாரைக் காணலாம். 1917-இல் மேலைச்சிவபுரியில் பிறந்த அவர், இளமையிலேயே பெற்றோரை இழந்து, சிறுவனாகப் பர்மா சென்று கடையில் பணிபுரிந்தார். முதலாளி உள்ளே இருக்கும்போது இல்லை என்று சொல்லுமாறு பணிக்கப்பட்டபோது பொய் சொல்ல மறுத்து, வேலையை இழந்து ஊர் திரும்பினார் என்பது பலரும் அறிந்த செய்தி. பண்டிதமணி மு. கதிரேசனாரிடம் தமிழ் கற்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வித்துவான் பட்டம் பெற்று, படிப்படியாக உயர்ந்து முனைவரானார். அகத்திணை பற்றிய அவருடைய ஆய்வு தமிழிலும் ஆங்கிலத்திலும் நூல்வடிவம் பெற்றது. காரைக்குடி அழகப்பா கல்லூரியின் முதல்வராகவும், 1979 முதல் 1982 வரை மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கினார்.

ஆங்கிலத்தில் ஆய்வுநூல் எழுதும் ஆற்றல் பெற்ற அவரே பிற்காலத்தில் தமிழ்வழிக் கல்வி இயக்கம் கண்டார் என்பது சிந்திக்கத்தக்கது. ஆங்கிலத்தைக் கற்க வேண்டிய மொழியாகவும், தமிழைக் கற்பதற்குரிய வழியாகவும் அவர் கொண்டார். ஆங்கிலம்–தமிழ் அகராதியின் இயல்பும் அஃதே. இடப்பக்கத்தில் பிறமொழி நிற்க, அதனை விளங்கவைக்கும் பொறுப்பு வலப்பக்கத்துத் தாய்மொழியிடம் இருக்கிறது. வலப்பக்கம் விளங்காதவனுக்கு அகராதி ஊமை நூல்.

அகராதிகளின் பிற்கால நிலை

செட்டிநாட்டுப் பெருவீடுகள் பாகம் பிரிந்தபோது தேக்குத் தூண்களுக்கும் வெளிநாட்டு ஓடுகளுக்கும் விலை பேசினர். அலமாரிப் புத்தகங்கள் பழைய தாள் கடைக்கு நிறையாகப் போயின. அவ்வாறு போனவற்றைத் தடுத்து வாங்கிச் சேர்த்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதும் கலைஞரான அவர் தம் வாழ்நாள் முழுவதும் நூலும் இதழும் அழைப்பிதழும் திரட்டினார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைக்குப் பெற்று, தமிழ்நாட்டிலேயே நிலைபெறச் செய்தது; சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அது இன்று விளங்குகிறது. ஒரு சிற்றூர் மனிதரின் தேடல் இல்லையேல் நம் முன்னோர் எவ்வாறு கற்றனர் என்பதற்குச் சான்றே எஞ்சியிராது.

அகராதியின் வடிவமும் இப்போது மாறிவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும் பெப்ரீசியுசின் அகராதியும் கணிப்பொறித் திரையில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1992-இல் முதற்பதிப்பு கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இக்காலத் தமிழை எடுத்துக்காட்டுத் தொடர்களோடும் ஆங்கிலப் பொருளோடும் விளக்கி, 2008-இலும் 2020-இலும் விரிவுற்றது. கைப்பேசியில் சொல்லைத் தட்டினால் பொருள் வருகிறது. தேடும் உழைப்பு குறைந்தது நன்று. ஆனால் தேடும்போது கண்ணில் படும் பத்துச் சொற்களும் குறைந்தன. கைப்பேசியும் முதலில் காட்டுவது ஒரு பொருளைத்தான். அடுத்த பொருளைக் காணப் பொறுமை அன்றும் வேண்டும், இன்றும் வேண்டும்.

தேர்வோ பழைய கேள்வியையே கேட்கிறது. 2019–20 முதல் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் ஒரே தாளாக்கப்பட்டபின், அதன் தொடக்கத்தில் அமைந்த 14 ஒரு மதிப்பெண் வினாக்களுள் முதல் மூன்று ஒருபொருட் சொற்களையும் அடுத்த மூன்று எதிர்ச்சொற்களையும் கேட்டன. பாடத்தொடருக்குள் அடிக்கோடிட்ட சொல்லுக்கு அவ்விடத்திற்குரிய பொருள் எது என்பதே வினா. இடத்தோடு பொருள் கொள்ளும் இப்பயிற்சியை நிகண்டு ஓதிய பாட்டன் அறிந்திருந்தான். வட்டிக்கும் ஆர்வத்திற்கும் ஒரே சொல் இருப்பதைக் கண்டு வியந்த தந்தையும் அறிந்திருந்தான். பேரனுக்கும் அதனைக் கற்பித்தல் ஊராரின் கடமை.

எண்சுவடி ஓதிய ஊரில் அகராதி புகுந்து ஒரு நூற்றாண்டு நிறைவுறும் காலம் இது. கடல் கடந்த செல்வம் போனபோது இவ்வட்டாரக் குடும்பங்களைத் தாங்கி நிறுத்திய முதல்களுள் அத்தடித்த நூலும் ஒன்று. இன்னும் பழைய வீடுகளின் அலமாரிகளில், அட்டை கிழிந்து, ஓரங்களில் பென்சில் குறிப்புகளோடு அவ்வகராதிகள் இருத்தல் கூடும். அவற்றைத் தாள் கடைக்கு அனுப்புமுன் ஒருமுறை திறந்து பார்த்தல் வேண்டும். எந்தச் சொல்லின் அருகே எவர் கோடிட்டார், எந்தப் பொருளைத் திருத்தி எழுதினார் என்பதெல்லாம் ஓர் ஊரின் கல்வி வரலாறு. அவ்வரலாற்றைக் காப்பதோடு, அகராதி வாங்க இயலாத மாணவன் ஒருவனுக்கு ஓர் அகராதியேனும் அளிப்பது, பேரேட்டில் நன்மைப் பக்கத்தில் எழுதத்தக்க வரவாகும்.